எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை

ஜூன் 3

சிட்டு அப்பாவுக்கு,

இரண்டு வருடமாகத் தனித்தனியே இருக்கிறோம்; போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை. அதனால் எழுதுகிறேன்.

நான்கு மாதமாக சிட்டுவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருவது உங்களுக்குத் தெரியும். இப்போது விரல் கணுக்களும் வீங்கி, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. "என் கை இன்னும் தூங்குதும்மா" என்று சிரிக்கிறாள். வெயிலில் போய் வந்தால் இரண்டு கன்னமும் சிவந்துவிடுகிறது.

மூன்று டாக்டர் மாறி, நான்காவதாக ஒரு டாக்டரம்மா கிடைத்திருக்கிறார். "நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே ஆள் தெரியாம சொந்த உடம்பை அடிக்குதோன்னு சந்தேகம். இன்னும் உறுதி இல்ல. குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்திருக்கா?" என்றார். என் பக்கம் சித்தி பிள்ளைகள் வரை கேட்டுவிட்டேன், இல்லை. உங்கள் பக்கம்?

சிட்டு அம்மா


ஜூன் 11

சிட்டு அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. துறைமுகத்தில் ஒரு கிரேன் பழுது. இரண்டு ஆள் வேலை என் தலையில்.

எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி எதுவும் இல்லை. வளர்கிற பிள்ளைக்குக் கைகால் வலிக்கத்தான் செய்யும். நீ எதையும் பெரிதாக்குவாய். பிள்ளையைப் பயமுறுத்தாதே. அவளுக்கு என் முத்தம்.

சிட்டு அப்பா


ஜூன் 17

சிட்டு அப்பாவுக்கு,

முத்தத்தைக் கொடுத்துவிட்டேன். மற்றதை ஏற்கவில்லை.

ஒரு ரத்தப் பரிசோதனை சந்தேகத்துக்குச் சாதகமாக வந்திருக்கிறது. அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாதாம். சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காத்திருக்கிறோம். செருப்புக் கம்பெனி சூப்பர்வைசர், "ஒண்ணு வேலைக்கு வா, இல்ல ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். "ரெண்டுக்கும் போவேன் சார்" என்று சொல்லி, காலை ஷிப்டை மதிய ஷிப்டாக மாற்றிக்கொண்டேன்.

இப்போது நேராகக் கேட்கிறேன். உங்கள் தங்கை ஏன் வெயிலில் தலை காட்டுவதில்லை? மாதம் ஒருமுறை "தோழி வீடு" என்று பையோடு எங்கே போகிறாள்? அவள் சங்கதி எனக்கெதற்கு என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது இது என் மகள் சங்கதி.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் அவள் வாசலில் போய் நிற்பேன். சண்டை போட அல்ல, கேட்க.

சிட்டு அம்மா


ஜூன் 20

சிட்டு அம்மாவுக்கு,

போகாதே. நானே சொல்கிறேன்.

தங்கைக்குப் பதினொரு வருடமாக அந்த நோய் இருக்கிறது. லூபஸ் என்று பெயர். கல்யாணம் நின்றுவிடுமே என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினார். மாப்பிள்ளைக்கு இன்றுவரை தெரியாது. சிட்டுவின் கன்னத்தைப் போன முறை பார்த்தபோதே எனக்குத் தங்கையின் முகம்தான் ஞாபகம் வந்தது. இருக்காது, இருக்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். கோழைத்தனம்தான்.

நேற்று தங்கையிடம் சொன்னேன். "குழந்தைக்குன்னு தெரிஞ்சும் ஏன்ணா இத்தனை நாள் சொல்லல?" என்று என்னைத்தான் திட்டினாள். தன் பழைய ரிப்போர்ட்டுகளோடு டாக்டரைப் பார்க்க அவளே வருகிறாள்.

சிட்டு அப்பா


ஜூலை 2

சிட்டு அப்பாவுக்கு,

உங்கள் தங்கை வந்தாள். கூடவே மாப்பிள்ளையும். வரும் வழியில் பஸ்ஸில் வைத்துச் சொன்னாளாம். மனிதர் முகம் தொங்கித்தான் இருந்தது. ஆனால் ரிப்போர்ட் பையைக் கடைசிவரை கீழே வைக்கவில்லை.

டாக்டரம்மா எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்: லூபஸ்தான். சிறுநீரகம் தப்பித்திருக்கிறது. மாத்திரை ஆரம்பித்தாயிற்று. அழுகை வரும் என்று நினைத்தேன்; வரவில்லை. எதிரியின் பெயர் தெரிந்துவிட்டது, இனி என் பாடு, அதன் பாடு.

சிட்டு அத்தையிடம், "உங்களுக்கும் காய்ச்சல் வருமா?" என்று கேட்டாள். "வரும். வந்தா படுத்துக்குவேன். போனதும் எந்திரிச்சு வேலைக்குப் போவேன்" என்றாள் அவள். என் மகள் முகத்தில் ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒரு தெளிவைப் பார்த்தேன்.

தெரிந்தும் நீங்கள் பேசாமல் இருந்ததை என்னால் இப்போது மன்னிக்க முடியவில்லை. பிறகு முடியுமா, தெரியாது. அதற்காக அவளுக்கு அப்பா இல்லாமல் போக வேண்டாம்.

பதினான்காம் தேதி காலை எட்டு மணிக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை. அந்த வாரம் எனக்கு மறுபடி காலை ஷிப்ட் போட்டுவிட்டார்கள், லீவு இல்லை. நீங்கள் கூட்டிப் போங்கள். இடது கையில்தான் நரம்பு சீக்கிரம் கிடைக்கும். ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சிட்டு அம்மா