பாதி மாத்திரை

அன்பு மகள் நாயிலாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பனி ஊரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க அல்லாஹ்வைக் கேட்டுக்கொள்கிறேன். உன் அம்மா நன்றாக இருக்கிறாள், முழங்கால்தான் படுத்துகிறது. நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

எனக்கு நுரையீரலில் இருப்பது முற்றிவிட்டது, எல்லோருக்கும் ஏற்றுகிற கீமோவோடு புது மாத்திரை ஒன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள், கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னேன் அல்லவா. அதில் பாதிப் பேருக்கு நிஜ மருந்தாம், மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி வெறும் மாத்திரையாம். யாருக்கு எது என்று டாக்டர் நஜ்லாவுக்கே தெரியாதாம். முப்பது வருஷம் நம் ஸ்ஃபாக்ஸ் ஊரில் பஸ் ஓட்டினேன், வண்டி எங்கே போகிறது என்று எனக்கே தெரியாது, ஏறி உட்காருங்கள் என்று யாரிடமாவது சொல்லியிருப்பேனா?

என் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த தாஹர் மாமாவும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறான். ஒரே சிகரெட் பாக்கெட்டில் புகைத்தோம், ஒரே நோயை வாங்கினோம். இரண்டாம் வாரம் அவன் முகமெல்லாம் சிவந்து பொரிந்தது, நிஜ மருந்து என்றால் அப்படி வரும் என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். என் முகமோ மழமழவென்று இருந்தது. மறுநாள் காலை காபிக் கடையில் அவன் தன் மாத்திரையைக் கத்தியால் இரண்டாக்கிப் பாதியை என் பக்கம் தள்ளினான். பைத்தியமா உனக்கு என்று திட்டினேன். "டேய், நீ வெறும் மாத்திரையைத் தின்னுக்கிட்டு இருக்க, நான் மட்டும் மருந்தை முழுங்கினா தொண்டையில இறங்குமாடா?" என்றான். உன்னிடம் மறைக்க மாட்டேன், மூன்று நாள் வாங்கி விழுங்கினேன். சாகப் பயமாக இருக்கிறதம்மா. நான்காம் நாள் அவன் கைக்குட்டையில் இருமினான், ரத்தம். அதற்கப்புறம் என்னால் முடியவில்லை. வேண்டாம் என்றால் அந்தப் பாதியைக் கடலில் போட்டுவிடுவேன் என்கிறான், செய்யக்கூடியவன்தான்.

அதனால் நேற்று ஒரு காரியம் செய்தேன். குளிக்கிற முரட்டுக் கையுறையால் கன்னத்தைத் தேய்த்து, மேலே உன் அம்மா அரைத்த மிளகாய் விழுதை, அந்த ஹரிஸாவைத் தடவினேன். மிளகாய் எரிச்சலில் உயிரே போயிற்று. அப்படியே கழுவிக்கொண்டு கடைக்குப் போய், எனக்கும் பொரிந்துவிட்டது, உன் பாதியை நீயே வைத்துக்கொள் என்றேன். அவன் என் நெற்றியில் முத்தம் வைத்து அழுதான், அத்தனை பேருக்கும் காபி சொன்னான். ஒரு நிமிஷம் எனக்கே நிஜமாக வந்துவிட்ட மாதிரி இருந்தது.

இதற்கெல்லாம் பிறகு நர்ஸ் சொல்கிறாள், பொரிந்தால்தான் மருந்து என்று அர்த்தமே இல்லையாம், யாருக்கும் வரலாமாம். அப்படியானால் அவனுடையது வெறும் மாத்திரை, என்னுடையதுதான் மருந்தோ? அவன் பங்கை நான் தின்றேனா, இல்லையா? திங்கட்கிழமை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லலாமா? சொன்னால் இரண்டு பேரையும் நிறுத்திவிடுவார்களோ? ஒன்றும் புரியவில்லை, நீதான் யோசித்துச் சொல்ல வேண்டும்.

அல்லாஹ் உங்கள் இருவரையும் குறைவில்லாமல் வைக்கட்டும். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. ஒன்று மட்டும் மறக்காதே, தாஹர் மாமா உனக்குப் போன் செய்வான், அப்பாவுக்குப் பொரிந்துவிட்டது என்று கத்துவான். அவனுக்குக் கேட்கிற மாதிரி நன்றாகச் சந்தோஷப்படு.

உன் அப்பா,
மோன்சிஃப்