இலைக்கட்சி தின்ற பன்னிரண்டு பழங்கள்

10-ஆம் தேதி

அன்புள்ள அக்கா,

உலகத்தாருக்கு ஓர் அறிவிப்பு: இன்று காலை ஆறு மணி பதினேழு நிமிடத்தில், உன் தம்பியின் இடது கால் கட்டைவிரலில் நூறாவது அட்டை ஏறி, வயிறாரக் குடித்து, தானாகவே பணி ஓய்வு பெற்றது. விழா எளிமையாக நடந்தது.

காலில் மாவுக்கட்டோடு நீ வீட்டில் கிட. உன் கண்ணாக நான் காட்டில் இருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, எந்தக் குரங்கு எதைத் தின்கிறது என்று நோட்டில் குறிக்கிறேன். உச்சிக்கிளையில் கறுப்பு மேனி இலைக்கட்சி. நடுவில் பழக்கட்சி. கீழே பட்டையை உரித்துத் துழாவும் பூச்சிக்கட்சி. மூன்றும் ஒரே மரத்தில் கூட்டணி. ஆனால் அடுத்தவன் தட்டில் எவனும் கை வைப்பதில்லை. நீயும் நானும் இப்படி இருந்தால் அம்மாவுக்கு எவ்வளவு நிம்மதி!

"தனியா போகாதடா"ங்கிறார் முகாமில் கூட இருக்கிற வனத்துறை வாட்சர் அண்ணன். நான் கேட்கிற ஆளா? பத்து நாள் பக்கங்களையும் ஜீப்காரரிடம் கொடுத்துவிட்டேன். பயம் என்றால் என்னவென்று அகராதி பார்த்து எழுது.

இப்படிக்கு,
காட்டு ராஜா (பொறுப்பு)

13-ஆம் தேதி

அடேய் வாலு,

பக்கங்கள் வந்தன. இவ்வளவு ஒழுங்கா நம்ம பையன் என்று அம்மா இரண்டு தடவை கையெழுத்தைச் சரிபார்த்தாள். இந்த மாதக் குறிப்பில் ஓட்டை விழுந்தால் என் இரண்டு வருட ஆராய்ச்சியும் வீண் என்று பயந்துகொண்டிருந்தேன். நல்லா இருடா.

ஒரே ஒரு இடம் உதைக்கிறது. நாலாம் தேதி, மதியம் இரண்டு நாற்பது: "இலைக்கட்சிக் கிழவன், பழுத்த பழம், பன்னிரண்டு." ஏண்டா, இதிலுமா விளையாட்டு? அதன் வயிறு மாட்டு வயிறு மாதிரி அறை அறையாக இருக்கும், இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கும். காய் கடிக்கும். பழுத்த இனிப்புப் பழத்தை அத்தனை தின்றால் வயிறு உப்பிச் செத்துப்போகும். அது அதற்கே தெரியும், தொடாது.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் பேராசிரியரிடம் கொடுக்கவேண்டும். அந்த வரி பொய் என்று ஒத்துக்கொள், அடித்துவிடுகிறேன். திட்டமாட்டேன்.

ஒற்றைக்கால் அக்கா

15-ஆம் தேதி

அக்கா,

அந்த வரியை அடிக்காதே. மற்றதையெல்லாம் அடித்துவிடு.

நாலாம் தேதி மதியம் காடு சத்தமில்லாமல் இருந்தது. மூன்று கட்சியும் ஒரே கிளையில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தன. பழக்கட்சிக் குரங்குகள் பழம் பறித்தன, தின்னவில்லை. கைமாற்றிக் கைமாற்றிக் கிழவனிடம் நீட்டின. சாப்பிட மறுக்கிற குழந்தை மாதிரி அது ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. பிறகு தின்றது. சாறு மார்பில் ஒழுகியது. நான் எண்ணினேன். பன்னிரண்டாவதுக்குப் பிறகு அது அப்படியே கிளையில் சாய்ந்துகொண்டது. வயிறு மத்தளம் போல இருந்தது.

அதன் பிறகு எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. தாழ்ந்த கிளையில் இருந்த ஒன்று, ஒரு பழத்தை என்னிடம் நீட்டியது.

ஓடிவந்துவிட்டேன். அட்டை நூறெல்லாம் கிடையாது. ஒன்றே ஒன்றுதான் கடித்தது, அதற்கும் அழுதேன். முதல் மூன்று நாளும் முகாம் வாசலைத் தாண்டவில்லை. உன் பழைய நோட்டைப் பார்த்து எண்களை மாற்றிப் போட்டேன். சோம்பேறித்தனம்தான். நாலாம் தேதி ஒரே ஒரு நாள் போனேன். அதற்குப் பிறகு எழுதினதெல்லாம் போர்வைக்குள் உட்கார்ந்து எழுதினது. அதுதான் அத்தனை ஒழுங்கு.

உன் இரண்டு வருடத்தையும் கெடுத்துவிட்டேன். தெரியும்.

இன்று காலை ஜன்னல் படியில் ஒரு பழம் இருந்தது. "காத்துல விழுந்திருக்கும்டா" என்றார் வாட்சர் அண்ணன். பழமரம் ஒன்றரை மைல் தள்ளி இருக்கிறது. அவரும் அதைத் தொடவில்லை.

போன தடவை வீறாப்பில் ஏறாமல் விட்டேன், அடுத்த ஜீப் வந்ததும் ஏறிவிடுவேன். அதுவரைக்கும், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, குளியலறைக்குப் போனால்கூட அண்ணன் கதவுக்கு வெளியே நின்று பாடவேண்டும். பாட்டு நின்றால் நான் கத்துகிறேன்.

தம்பி