மேகத்திலும் வந்த ஹைட்ரஜன்

ஜூலை 8, செவ்வாய்
மறுபடியும் மேகம். கல்லூரி மொட்டைமாடியில் எங்கள் கண்ணாடி டிஷ் வானத்தைப் பார்த்தபடி சும்மா நிற்கிறது. வெயிலைக் குவித்து சீரியம் ஆக்சைடை ஆயிரத்து நானூறு டிகிரிக்குச் சுட்டால் அது ஆக்சிஜனை விட்டுவிடும். சற்று ஆறியதும் நீராவியை அனுப்பினால், இழந்ததைத் தண்ணீரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது ஹைட்ரஜன். வரைந்த படத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பெங்களூரு ஜூலையில் வெயிலுக்கு எங்கே போவது? 22ஆம் தேதி ஆய்வுக்குழு வருகிறது. ஒன்றும் காட்டாவிட்டால் என் பிஎச்.டி. நிதி அம்பேல்.

ஜூலை 10
வந்துவிட்டது! லேசாக வெயில் எட்டிப்பார்த்தது, ஹைட்ரஜனை அளக்கும் மீட்டர் ஒரேயடியாக ஏறிவிட்டது. என் கைடு சிவசங்கரன் சார் ஐம்பத்தெட்டு வயதில் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார். அல்சூர் போய் மைசூர்பாகு வாங்கிவந்து டிபார்ட்மெண்ட் முழுக்கக் கொடுத்தேன். சார் பிரின்சிபாலுக்கே போன் போட்டுவிட்டார்.

ஜூலை 11
இன்று நாள் முழுக்க மழை. நேற்றைவிட அதிக ஹைட்ரஜன். எப்படி?
“மேகத்துலயும் வேலை செய்யற டிஷ், தாரணி, நம்மளோடது” என்றார் சார். கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டார். நான் மீட்டருக்கு வரும் குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஜூலை 12
மீட்டரைச் சரிபார்க்க வைத்திருந்த ஹைட்ரஜன் சிலிண்டர் — வால்வை நான் மூடவே இல்லை. கடையில் வாங்கின ஹைட்ரஜனை நானே உள்ளே விட்டு, நானே கண்டுபிடிச்சு, ஸ்வீட்டும் குடுத்திருக்கேன். அறிவிருக்காடி?
யாருக்கும் தெரியாது. 22ஆம் தேதி கொஞ்சமா திறந்துவிட்டா... சீ.

ஜூலை 14
சொல்லிவிட்டேன். சார் டீயைக் கீழே வைத்தார்.
“மைசூர்பாக எப்படிம்மா திருப்பி வாங்கறது?”
பிறகு அவரே பிரின்சிபாலிடம் பேசினார். ‘எங்க தப்பு’ என்றார். என் தப்பு என்று சொல்லவில்லை. பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

ஜூலை 22
குழுத் தலைவர் அம்புஜம் மேடம் வந்ததும் கேட்டது: “அந்த சிலிண்டர் எங்க?” பிரின்சிபால் சொல்லியிருப்பார். லேப் டெக்னீஷியன் சுனில் தரைத்தளத்தில் அதற்குக் காவல் உட்கார்ந்திருந்தார். இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.
பன்னிரண்டு பத்துக்கு வெயில் வந்தது. பதினேழு நிமிடம். பிறகு நீராவி. சோதனைக் குழாயில் சேர்ந்ததை மேடமே பற்றவைத்தார். ஹைட்ரஜன்தான்: கீச்சென்று ஒரு சத்தம். சுண்டெலி தும்மியதுபோல.
“இவ்ளோதானா?”
“இவ்ளோதான் மேடம். ஆனா தண்ணியிலேர்ந்து வந்தது.”
இன்னொரு தரம் செய்யச் சொன்னார். வெயில் இல்லை. ஒரு மணிநேரம் எல்லோரும் அண்ணாந்து நின்றோம்.

ஆகஸ்ட் 5
நிதிக்கு ஓராண்டு நீட்டிப்பு. ஒரே நிபந்தனை: டிஷ்ஷை வெயிலுள்ள ஊருக்கு மாற்ற வேண்டும். நாளை பாவகடா போகிறோம். சார் கூலிங்கிளாஸ் வாங்கிவிட்டார். லேபுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடக்கிறார்.