மல்லாக்கப் போட்ட அழுங்காமை

ஜன. 9, வெள்ளி. ஷார்ஜா

காலையில பனிமூட்டம். எதிர் பில்டிங் தெரியல. பை கட்டணும்.

அதுக்கு முன்ன பிள்ளைகள் விஷயம், மறந்துரும்:

மெர்லின், என் மகன் சேவியரோட மூத்த பிள்ளை. காலேஜ் ரெண்டாம் வருஷம், விலங்குப் படிப்பு, வகுப்புல முதல். நான் கடப்புறத்துல பிறந்து வளந்தவ, எனக்குத் தெரியாத நண்டுக்கெல்லாம் பேர் சொல்லுதா.

ரோஷன், அவ தம்பி. நீச்சல்ல வெள்ளிக் கப்பு. தங்கம் வாங்கின பையன் ரெண்டு வயசு மூத்தவனாம். அப்போ இதுவும் தங்கம்தான்.

ஊர்ல மகள் வீட்டுப் பேத்தி, நாலு மாசம். குப்புற விழுந்துட்டா! அவ அம்மா அஞ்சு மாசத்துலதான் விழுந்தா.

மெ. (மெர்லினை இப்படி எழுதுறேன், விரல் வலி) ஆஸ்திரேலியாவுக்குப் போகணும்னு கேட்டா. முதுகுல பையோட கடற்கரை ஓரமா நடந்து, அங்க உள்ள உயிரெல்லாம் பாக்கணுமாம். சேவியர் லேத் பட்டறையில இருந்து வந்த கையோட, "முதல்ல உம் அல் குவைன் கரையை நடந்து காட்டு. அதுவும் ஆச்சி கூட வந்தா"ன்னுட்டான். நான் முட்டி வலின்னு சொல்லித் தப்பிச்சிருவேன்னு நினைச்சான்.

போறேன்னுட்டேன். மருமகள் ஜெயா நர்ஸ்ல்லா, முட்டிக்கு ரெண்டு உறை வாங்கிக் குடுத்தா. "அத்த, ஓடாதீங்க."

பையில: பிளாஸ்க், புளிச்சோறு, ஜெபமாலை, இந்த நோட்டு, பெரிய துவாலை.

ஜன. 10, சனி. உம் அல் குவைன் கரை

வெயில் இதமா. காத்து இல்லை. சேவியர் காலையில இறக்கி விட்டுட்டு டூட்டிக்குப் போயிட்டான். சாயங்காலம் கூடாரத்தோட வருவான்.

மெ. முன்னால, நான் பின்னால. வேலி வந்தா ரோட்டுக்கு ஏறிச் சுத்தணும்.

இன்னைக்குப் பாத்தது:
பூநாரை. மெ. எண்ணினது 61, நான் 64. அவ கணக்கைத்தான் எழுதினா.
மணல் நண்டு. வளைக்குப் பக்கத்துல சாண் உயரத்துக்குக் கோபுரம் கட்டுது. பொண்ணு நண்டுக்குக் காட்டவாம். நம்ம ஊர் நண்டு இந்தச் சோலியெல்லாம் பாக்காது.
கண்டல் காடு, உப்புத் தண்ணிக்குள்ளயே வளர்ற மரம். உள்ள பச்சையும் வெள்ளையுமா மீன்கொத்தி ஒண்ணு.
நரி. தடம் மட்டும்.
ஓங்கல் ரெண்டு, மெ. டால்பின்னு சொல்லுதா. நான்தான் முதல்ல பாத்தேன். போட்ட சத்தத்துல, தூண்டிலோட நின்ன பங்களாதேஷ்காரர் "க்யா ஹுவா அம்மா?", என்னாச்சுன்னு கேட்டு ஓடி வந்துட்டார். அவருக்கும் கையைக் காட்டினேன். மூணு பேரும் பல்லைக் காட்டிட்டு நின்னோம்.

மெ.க்கு ஒரே குறை, ஆமை பாக்கலன்னு. "ஒண்ணே ஒண்ணு போதும் ஆச்சி."

முட்டி பரவாயில்லை.

ஜன. 11, ஞாயிறு

பூசைக்குப் போகல. கரையிலயே ஜெபமாலை சொன்னேன்.

நடந்ததை நடந்தபடி எழுதணும்.

காலை ஒம்பது. சேவியர் கூடாரத்தைப் பிரிச்சிட்டிருந்தான். மெ. பறவை எண்ண அரை மைல் முன்ன போயிட்டா. நான் கணவாய் ஓடு பொறுக்கிட்டே பின்ன போறேன். பாசிக்குள்ள என்னமோ அசையுது. அழுங்காமைக் குட்டி! இட்லிச்சட்டி மூடி அளவு. முதுகு முழுக்கக் கொட்டலசு, படகு அடியில ஒட்டிக்கிடுமே, அது.

மெ.க்குப் போன் அடிச்சேன், எடுக்கல. பறவை கலையும்னு சத்தத்தை அமத்தி வச்சிருந்தாளாம். அவ வர்றதுக்குள்ள இது கடலுக்குள்ள போயிட்டா? ஒரு ஆமை பாக்கணும்னு பிள்ளை ஏங்கிட்டு இருக்கு.

கை தன்னால செஞ்சது. எங்க அப்பா படகுல செய்யுற மாதிரி மல்லாக்கப் போட்டுட்டேன். அது அப்புறம் எங்க ஓடும்.

அதோட விட்டேனா? போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்புல போட்டேன். "மெர்லினுக்காக நான் பிடிச்சது."

ஊர்ல இருந்து தம்பி ராயப்பன் உடனே: "யக்கா, எனக்கு ஒரு பங்கு கறி எடுத்து வை." சிரிச்சேன். சின்னதுல எங்க தெருவே தின்னதுதான். இளைப்புக்கு ரத்தம் குடுப்பாங்க, நானும் குடிச்சவதான்.

அரை மணி கழிச்சு மெ. ஓடி வந்தா. போட்டோவைப் பாத்துட்டுத்தான் வந்திருக்கா. சந்தோஷத்துல ஓடி வர்றான்னு நினைச்சேன்.

"யாரு ஆச்சி மல்லாத்துனது?"

"நான்தாம்ட்டி. உனக்காகத்தான்."

"ஐயோ ஆச்சி, அது சீக்கு! குளிர்ல விறைச்சுக் கரைக்கு ஒதுங்கிருக்கு. மல்லாக்கப் போட்டா மூச்சு விட முடியாது!"

நிமித்தினா. தலை தொங்கிப் போச்சு. ஒரு துடுப்பு மட்டும் மெல்ல அசைஞ்சது.

யாருக்கோ போன் பண்ணினா. தண்ணியில விடாதே, ஈரத்துணி போட்டுக் கொண்டுவான்னாங்களாம். என் துவாலையை நனைச்சுக் குடுத்தேன். சோத்துப் பாத்திரம் வச்ச பெட்டியைக் காலி பண்ணி அதுக்குள்ள வச்சோம். சேவியர் வண்டியை விரட்டினான். பெட்டி என் மடியில. மெ. ஜன்னலைப் பாத்துட்டே வந்தா. அது குத்தினது கொஞ்சமில்லை.

ஆமைக்கு வைத்தியம் பாக்குற இடம். மலையாளத்துப் பையன் கேட்டான், "எத்தர நேரம் மல்லாக்க கிடந்நு?" மெ. என்னைப் பாத்தா. நானே சொன்னேன். "அரை மணி. நான்தான் போட்டேன்."

திட்டல. "ரெண்டு மூணு நாள் போகட்டே, பாக்கலாம் அம்மே"ன்னான்.

பேப்பர்ல மெ. எழுதினதை எட்டிப் பாத்தேன். கண்டெடுத்தவர்னு கேட்ட இடத்துல என் பேர். ஃபிலோமினா. எழுத்துப் பிழை இல்லாம.

ஆமைக்குப் பேர் கிடையாதாம், நம்பர்தான். 14.

ஜன. 12, திங்கள்

சேதி இல்லை. மீன்குழம்பு வச்சேன், இறங்கல.

மெ. காலேஜ் போறப்போ வாசல்ல நின்னு, "வேணும்னேயா செஞ்சீங்க, தெரியாமத்தானே ஆச்சி." அது போதும்.

ராயப்பன் குரூப்புல திரும்பவும், "கறி ஆச்சா?" போன் போட்டேன். "எலேய், அது ஆஸ்பத்திரியில கிடக்கு. வாயை மூடு." அப்புறம், "எந்த ஆஸ்பத்திரி, யக்கா?"ன்னான் பாவி.

ஜன. 13, செவ்வாய்

தூத்தல். துணி காயல.

14 உசிரோட இருக்கு. தின்னல. மிதந்துட்டே கிடக்காம், முங்கத் தெம்பில்லை. கொட்டலசு பாதி எடுத்தாச்சாம்.

அந்தோணியாருக்கு நேந்துக்கிட்டேன். ஆமைக்கு நேரலாமான்னு தெரியல. நேந்தாச்சு.

ஜன. 14, புதன்

வெளிச்சமான நாள். சாயங்காலம் மெ. செருப்பைக்கூடக் கழத்தாம அடுப்படிக்கு வந்தா. "ஆச்சி! தின்னுட்டு!"

சேவியர் சோத்துல கை வச்சபடி கேட்டுட்டு இருந்தான். "ஆஸ்திரேலியாவுக்கு டிக்கெட் எவ்வளவுட்டி?"ன்னான். சும்மாதான் கேட்டானாம். மெ. என் இடுப்பைக் கிள்ளினா.

பிள்ளைகள் விஷயம்:

ரோஷன், கணக்குல இருபதுக்குப் பதினெட்டு.

ஊர்ப் பேத்தி, குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பாக்கா.

14, சாளை மீன் துண்டு ரெண்டு தின்னுச்சு. கொட்டலசு பூரா போயாச்சு. இன்னைக்கு மத்தியானம் தொட்டியில தானா அடி வரைக்கும் முங்கிட்டு, தானா மேல வந்து மூச்சு விட்டுச்சு.

மெ. நாளைக்கு அங்க போறா. பக்கத்து ரூம்லதான் இருக்கா, ஆனா நேர்ல கேட்டா அழுதுருவேன். வாய்ஸ் மெசேஜ் விட்டேன்:

"மெர்லினு, குரூப்புல நான் போட்ட அந்த மல்லாக்கப் போட்டோதான் இன்னும் கிடக்கு, எல்லாரும் அதைத்தான் பாக்காங்க. நாளைக்குப் புதுசா ஒண்ணு எடுத்துப் போடு தாயி. நிமிந்து இருக்கணும். முகம் தெரியணும்."