பானை வெடிக்கவில்லை

என் அன்புக்குரிய இஞ்சாருங்கோ,

உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்திலும் அந்தப் பழக்கத்தை மாற்றமாட்டேன்.

முதலில் ஒரு திருத்தம். பேனை வார்க்கும் உங்கள் பிரஷர் பானை வெடித்து நான் கையைச் சுட்டுக்கொண்டதாக நம் கோவில் பங்கில் கதைக்கிறார்கள். பானை வெடிக்கவில்லை. என் கை நன்றாக இருக்கிறது. உங்கள் கூட்டாளி செபஸ்தி அண்ணை பூட்டிய வால்வில் காற்றுப் போனதாகவும் சொல்கிறார்கள். அதுவும் பொய். அந்தப் பொய்யைத் தொடங்கிவைத்தவள் நான். அதனால்தான் உங்களுக்கு எழுதுவதைப் பங்கு மடலில் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீங்கள் கண்மூடிய நாளின் ஆண்டுத் திருப்பலி வருகிறது. வருகிறவர்களுக்குப் படம் போட்ட அட்டை கொடுக்க எனக்கு மனமில்லை; மேசை லாச்சிக்குள் போட்டு மறந்துவிடுவார்கள். நீங்கள் கடைசியாகச் சிலுவையாக மடித்து, சுரூபத்தின் பின்னால் செருகிய குருத்தோலை அப்படியே இருந்தது. சாம்பல் புதனுக்கு எரிக்கவென்று கோவிலில் கேட்டபோதும் நான் கொடுக்கவில்லை. அதைத் துண்டுகளாக வெட்டி, கண்ணாடிபோல் இறுகும் அந்த ரெசினுக்குள் வார்த்து, நீங்கள் செய்வதுபோலப் பேனைகள் செய்வித்துக் கொடுக்க நினைத்தேன்.

பானை பேஸ்மென்றில் நீங்கள் விட்ட இடத்தில் இருந்தது. டோர்வல் வேலையில் பெட்டி தூக்கிக் களைத்து வந்து, நீங்களும் செபஸ்தி அண்ணையும் அந்தப் பெயின்ற் அடிக்கும் பானையைப் பிரித்துப் போட்டது நினைவிருக்கிறதா? பெயின்ற் உறிஞ்சும் குழாயைக் கழற்றினீர்கள். அந்தத் துளையை அடைத்தீர்கள். அச்சுகள் நிற்க உள்ளே ஒரு தட்டு வைத்தீர்கள். ரெசின் இறுகும்வரை அழுத்தம் குறையாவிட்டால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாமல் நசிந்துவிடும் என்று எனக்கு விளக்கினீர்கள். நான் கறி அடிப்பிடிக்கிறது என்று மேலே போய்விட்டேன்.

நான் கேட்டதும் செபஸ்தி அண்ணை வந்தார். காய்ந்துபோன றப்பர் வளையத்தையும் பழைய வால்வையும் மாற்றினார். "தங்கச்சி, அழுத்த முள்ளு பூச்சியத்துக்கு வரமுன்னம் மூடியில கை வைக்கப்பிடாது. செபம் சொன்னாலும் சரி, சொல்லாட்டிலும் சரி," என்றார்.

அவர் சொன்னபடியே எல்லாம் செய்தேன். மறுநாள் திறந்து பார்த்தால், மேலே இருந்த அச்சுகளில் ரெசின் பொங்கி, அப்பம்போலத் துளைதுளையாக இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஞாயிறு பூசை முடிந்ததும் அவற்றை மண்டபத்துக்குக் கொண்டுபோய், தேநீருக்கு வைத்த ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் பரப்பினேன்.

"செபஸ்தி அண்ணை, உங்கட வால்வு காத்து விடுது. வடிவாப் பாருங்கோ."

"சோப்புத் தண்ணி தடவிப் பாத்தனான், தங்கச்சி. ஒரு குமிழும் வரேல்லை."

"அப்ப நான் பொய் சொல்லுறனோ? செய்யத் தெரியாட்டில் தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே!"

"விடுங்கோ அக்கா, சம்பலோட சாப்பிடலாம்," என்று பின்னால் யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது. செபஸ்தி அண்ணை கோப்பையை வைத்துவிட்டு, தன் குளிர்க் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

வீட்டுக்கு வந்து பானையைத் துடைக்கும்போதுதான், அடியில் இருந்த ஓர் அச்சை நான் கழற்றவே இல்லை என்று கண்டேன். கழற்றினேன். கண்ணாடி. ஓலையின் நரம்பெல்லாம் தெரிந்தது. வால்வு பழுதென்றால் இது மட்டும் எப்படித் தப்பியது?

அந்த அச்சிலிருந்த ஓலைத்துண்டு நிலத்தில் விழுந்து கிடந்து, கடைசி நேரத்தில் நான் பொறுக்கி வைத்தது. மற்றவற்றுக்கெல்லாம் ரெசின் ஊற்றுமுன் மடு மாதா கோவில் தீர்த்தம் தெளித்து உங்களுக்காகச் செபம் சொல்லியிருந்தேன். இதற்குத் தெளிக்கவில்லை. ஒரு சொட்டு நீர் பட்டாலும் பொங்கிவிடும் என்று ரெசின் தகரத்தில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருந்தது. இரண்டையும் நான் படித்தேன். ஓலையை ஹீற்றருக்கு மேல் வைத்துக் காயவும் வைத்தேன். தீர்த்தம் நீர்தான் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கிய மனிதரை, தேநீர்க் கோப்பையோடு நிற்கவைத்து அப்படிப் பேசினேன். நினைக்க முகம் எரிகிறது. தொலைபேசியில் அழைத்தேன். "அவர் கதைக்கமாட்டாராம், பேந்து பாப்பம்," என்றா அவரின் மனைவி லில்லி அக்கா. பஸ் எடுத்து மொன்ட்ரியால்-நோரில் உள்ள அவர்களுடைய வாசல்வரை போனேன். மணியில் கை வைக்க முடியாமல் திரும்பி வந்தேன். நீங்கள் இருந்திருந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்களா? அல்லது தனியாகப் போ என்றிருப்பீர்களா?

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஆண்டுத் திருப்பலி முடிந்ததும், அதே மண்டபத்தில், தேநீர் ஊற்றுமுன் எழுந்து நின்று இதைச் சொல்வேன். தெளிவாக வந்த அந்த ஒன்று செபஸ்தி அண்ணைக்கு. அதைக் கடைந்து பேனையாக்க எனக்குத் தெரியாது. அவருக்குத்தான் தெரியும்.

செபஸ்தி அண்ணை, இதை லில்லி அக்கா உங்களுக்குப் படித்துக் காட்டுவா என்று நம்புகிறேன். தொலைபேசியில் வேண்டாம், என் குரல் திரும்பவும் உயர்ந்துவிடும். திருப்பலிக்கு வருவீர்களா, மாட்டீர்களா என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

அவருடைய மனைவி, உங்கள் தங்கச்சி,
பிலோமினா