மாடி வீட்டு மரத்தரையைப் பெயர்க்க வேண்டாம்

அனுப்புநர்:
இரண்டாம் மாடி, இடப்பக்க வீட்டில் குடியிருப்பவர்,
வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு.

பெறுநர்:
பராமரிப்புப் பொறியாளர் அவர்கள்,
குடியிருப்புப் பராமரிப்பு அலுவலகம்.

பொருள்: எங்கள் வீட்டுக் கூடத்தில் புதிதாகப் போட்ட மரத்தரையை வரும் வெள்ளிக்கிழமைக்குள் அகற்றுமாறு வந்த உத்தரவை ரத்து செய்யக் கோருதல், மேலே ஏறிப் பார்க்காமலே ஆய்வை முடித்தது குறித்த புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலக உத்தரவு கிடைத்தது. எங்கள் தரை சத்தமிடுகிறது, நடுவில் உப்பியிருக்கிறது, சீர்செய்ய இயலாதது என்று அதில் கண்டிருக்கிறது. முதல் இரண்டும் அன்றைக்கு உண்மைதான். மூன்றாவதை ஏற்க இயலவில்லை. ஆய்வுக்கு வந்த அலுவலர் கீழ்வீட்டில் நாற்காலி போட்டு அமர்ந்து, தேநீர் அருந்தி, அண்ணாந்து கூரையைக் கேட்டுவிட்டுச் சென்றார். எங்கள் படியில் கால் வைக்கவில்லை. அவருக்கு மூட்டுவலி என்று பின்னர் அறிந்தேன். அவர் மீது வருத்தமில்லை. ஆனால் தரையின் நோய்க்குக் கூரையில் நாடி பிடிக்க முடியாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. இந்தத் தரை அழகுக்காகப் போட்டதல்ல. சென்ற ஆண்டு என் மனைவி சமையலறை வாசலில் ஈரக் கல்தரையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, தைரியம் கூடவில்லை. மருத்துவமனைப் பயிற்சிக் கூடத்தின் மரத்தரையில் தடியூன்றி நன்றாக நடப்பவர், வீட்டில் கல்லின் குளிர்ச்சி பாதத்தில் பட்டதும் அப்படியே நின்றுவிடுவார். பிறகு நாற்காலிதான். அவருக்கு நடைப்பயிற்சி கொடுத்த பெண்மணி என்னைத் தனியாக அழைத்து, "சார், அவங்க கால் சரியாயிடுச்சு. இனிமே உங்க தரைக்குத்தான் வைத்தியம் பாக்கணும்" என்றார். தங்கள் அலுவலகத்தின் முன்அனுமதி பெற்றே கூடத்திலிருந்து அடுப்படி வரை பலகை போட்டோம். போட்ட அன்று மாலையே என் மனைவி தடியூன்றி ஜன்னல் வரை போய், தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். தெருவில் ஒன்றுமில்லை, யாரோ ஒருவர் மிதிவண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார் என்று இரவு வரை அதையே சொன்னார்.

3. சில வாரங்களில் தொல்லை தொடங்கியது. கூடத்தின் நடுவே பலகைகள், பூனை முதுகைத் தூக்குவதுபோல் எழும்பின. கால் வைத்த இடமெல்லாம் கிரீச்சிட்டது. தச்சரை அழைத்தோம். அவர் முதலில் மரத்தைக் குறை சொன்னார், அடுத்து மழையை, கடைசியில் கட்டடத்தையே. கட்டடம் தங்கள் பொறுப்பில் உள்ளது என்று நான் நினைவூட்டியதும் அந்தக் குற்றச்சாட்டை மட்டும் விட்டுவிட்டார்.

4. உண்மைக் காரணம், ஒருநாள் தச்சர் சொல்லாமல் கொள்ளாமல் விடிகாலையில் வந்தபோது வெளிப்பட்டது. என் மனைவிக்குத் துணையாக வந்து தங்கியிருக்கும் அவருடைய அக்கா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூடத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தள்ளிக்கொண்டிருந்தார். நாங்கள் எழுவதற்குள் துடைத்துக் காயவைத்துவிடுவாராம். அதனால் எங்களுக்குத் தெரியாமலே போயிற்று. கழுவாத வீடு வீடில்லை என்பது அவர் கட்சி. தச்சர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அக்கா, அது மரம்க்கா" என்றார். "மரம்னாலும் தண்ணி ஊத்தத்தானேப்பா வேணும்?" என்று அக்கா திருப்பிக் கேட்டார்.

5. தவறு ஒருபக்கத்தது மட்டுமல்ல. சுவரோரச் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தபோது, பலகைகளைச் சுவரோடு சுவராக முட்டவைத்திருப்பது தெரிந்தது. பார்க்க நேர்த்தியாக இருக்கட்டும் என்று இடைவெளி விடவில்லை என்று தச்சரே ஒப்புக்கொண்டார். ஈரம் குடித்துப் பருத்த மரம் பக்கவாட்டில் போக வழியின்றி மேலே கிளம்பியிருக்கிறது. இப்போது நாற்புறமும் விரலகலம் அறுத்து இடைவெளி விட்டாயிற்று. ஈரம் போகும்வரை மின்விசிறியை நிறுத்தாமல் ஓடவிட்டோம். எழும்பிய இடம் தானாகவே படிந்தது. பலகை இணைப்புகளில் முகப்பவுடரைத் தூவி ஈர்க்குச்சியால் உள்ளே தள்ளினோம். கிரீச் சத்தம் அடங்கியது. அக்காவிடம் வாளி இல்லை. பிழிந்த துணி ஒன்று மட்டும் இருக்கிறது. அதை எங்களுக்குச் செய்யும் உபகாரம்போலத் தினமும் எடுத்துக் காட்டுகிறார்.

6. கீழ்வீட்டுக்காரர் தங்களிடம் கொடுத்த புகாரில்தான் இந்த உத்தரவே பிறந்தது. அவர் கடிகாரம் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். குடியிருப்பில் அவரை 'நிமிஷம்' என்றே அழைக்கிறோம். அவரும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறார். மிக மெல்லிய சத்தங்களைக் கேட்டே வாழ்ந்தவரின் தலைக்கு மேல் எங்கள் தரை ஒரு பெரிய சத்தம். அவர் புகார் நியாயமானது. 'டொக், கிரீச், கிரீச்': தடி ஒன்று, பாதம் இரண்டு என்று அதில் எழுதியிருந்தாராம்.

7. உத்தரவு வந்த மறுநாள் காலை, பவுடர் வேலை பாதியில் நின்றிருந்த நேரம், நிமிஷம் அவர்கள் மூச்சிரைக்க மாடியேறி வந்து கதவைத் தட்டினார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று எண்ணித்தான் திறந்தேன். "தடிச் சத்தம் கேக்கலையே. கிரீச் மட்டும் வருது. தங்கச்சி விழுந்துடுச்சோன்னு பயந்துட்டேன்" என்றார். இருவரும் திரும்பிப் பார்த்தோம். என் மனைவி, தாம் முன்பு விழுந்த அதே சமையலறை வாசலில், இரண்டு கையாலும் பால் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார். தடி அடுப்பருகே சுவரில் சாய்ந்திருந்தது. "ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சு அண்ணே, அதை மறந்தே போயிட்டேன்" என்றார். பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே உறைத்தது. சிரித்த சிரிப்பில் பால் சற்றுத் தரையில் சிந்தியது. அக்கா ஓடிவந்தார், பிழிந்த துணியோடு. அன்று புகார்தாரர் எங்கள் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து பால் குடித்துவிட்டு, மிச்சப் பவுடரைத் தாமே தூவிக் கொடுத்தார்.

8. ஐயா, பலகையைப் பெயர்த்தால் கீழே அதே கல் இருக்கிறது. என் மனைவி இன்று தடியில்லாமல் நடக்கிறார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் அவர் நடப்பாரா, நாற்காலிக்குத் திரும்புவாரா என்பது தங்கள் ஒரு கையெழுத்தில் இருக்கிறது. ஆகவே உத்தரவை ரத்து செய்யவும், அதற்குமுன் ஆய்வாளரை ஒருமுறை மேலே அனுப்பிவைக்கவும் கேட்டுக்கொள்கிறேன். படிகளில் கைப்பிடி உண்டு. நடுவில் இளைப்பாற ஒரு நாற்காலியும் போட்டுவைக்கிறேன். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் கூடத்தில் நடந்து பார்க்கட்டும். அவர் மூட்டுக்கும் இதமாக இருக்கும்.

9. ஒரு பலகை மட்டும், சமையலறை வாசலில் உள்ளது, இன்னும் சத்தமிடுகிறது. அதைக் குறைபாடாகக் கொள்ள வேண்டாம். காரணம் கீழே காண்க.

நாள்: செவ்வாய்க்கிழமை, காலை
இடம்: மேற்படி வீட்டுக் கூடம்

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
இரண்டாம் மாடி, இடப்பக்க வீட்டுக்காரர்

கீழ்வீட்டுக்காரரின் குறிப்பு, அவர் கையெழுத்தில்:

மேலே கண்டவை உண்மை. என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். சமையலறை வாசல் பலகைக்குப் பவுடர் போட வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். காலையில் அது ஒருதரம் கிரீச்சிட்டால், மேலே தங்கச்சி எழுந்து நடமாடுகிறது என்று எனக்குத் தெரியும். அதன் பிறகுதான் நான் ரேடியோவைப் போடுகிறேன்.

(கையொப்பம்)
நிமிஷம்