எழுதியவர் வந்து பெற்றுக்கொள்ளலாம்

அக்கா, நேற்று உங்கள் மருமகள் ஒரு பழுப்புக் கவரைக் கொடுத்துவிட்டுப் போனாள். உங்கள் பீரோவில் இருந்ததாம், மேலே என் பேர் எழுதியிருந்ததாம். உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று அந்த மொட்டைக் கடிதம். இன்னொன்று, நாலு மூலையிலும் குண்டூசித் துரு படிந்த உங்கள் அறிவிப்பு. இத்தனை வருஷமாகவா பத்திரமாக வைத்திருந்தீர்கள்?

அது தொண்ணூறுகளின் தொடக்கம். நான் கல்லூரியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர், நீங்கள் ஆபீஸ் சூப்பரின்டெண்ட். தபாலையெல்லாம் முதலில் பிரிப்பது நீங்கள்தான். ஒருநாள் மதியம் என்னை ரெக்கார்டு ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினீர்கள்.

"கண்ணு, உன்னயப் பத்தி மொட்டக் கடுதாசி வந்திருக்குது. பிரின்சிபாலும் படிச்சுட்டாரு."

மண்ணரையில் ஒரே வீட்டில் நானும் பனியன் கம்பெனி டெய்லர் ஜெயாவும் புருஷன் பெண்டாட்டி போல இருக்கிறோமாம். இப்படிப்பட்டவளைப் பெண் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் வைத்திருக்கலாமா என்று கேட்டிருந்தது. கீழே பேர் இல்லை. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் ஜெயாவை அவள் அண்ணன்கள் மதுரைக்கே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"நெசந்தானா?" என்றீர்கள்.

"ஆமாங்கக்கா." சேர்ந்து வாழ்ந்த ஆறு வருஷத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன், அழுதுகொண்டே.

கடிதத்தை மடித்துக்கொண்டே, "ரெண்டு பேத்துல சமையல் யாரு?" என்று கேட்டீர்கள்.

"ஜெயாங்க."

"அப்பப் பொழச்ச. நீ வெச்ச சாம்பார நான் ஒருக்கா தின்னிருக்கறேன்."

பாவி அக்கா, அந்த நேரத்தில் என்னைச் சிரிக்க வைத்தீர்கள்! பிறகு சொன்னீர்கள்: "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் வெளங்கல கண்ணு. ஆனா ஒளிஞ்சுக்கிட்டு எழுதறவன் பேச்சக் கேட்டு உன்னய ஊட்டுக்கு அனுப்ப மாட்டேன்."

மறுநாள் பிரின்சிபால் எனக்கு மெமோ அடிக்கச் சொன்னார். உங்கள் குரல் வராண்டாவரை கேட்டது. "ஏனுங்க சார், கீழ பேரே இல்லீங்களே. புகார் குடுத்தது யாருன்னு ஃபைல்ல எழுதறதுங்க?"

"மேனேஜ்மென்ட் கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"எழுதுனவங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான் மெமோன்னு சொல்லுங்க. வரட்டுமுங்க. நானும் அந்த மூஞ்சியப் பாக்கோணும்."

தொலைந்த குடையோ டிபன் பாக்ஸோ கிடைத்தால் நோட்டீஸ் போர்டில் எழுதிப்போடுவது உங்கள் வேலை. அதையே இதற்கும் செய்யப்போவதாகச் சொன்னீர்கள். "உன் பேரு வராது. ஆனாலும் தெரியறவங்களுக்குத் தெரியும். வேண்டாம்னா சொல்லீரு, கிழிச்சுப் போடறேன்."

அன்று சாயங்காலம் ஜெயாவிடம் கேட்டேன். தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "போடச் சொல்லு. நாம என்ன களவாண்டோமா?" என்றாள்.

போட்டீர்கள். "கண்டெடுக்கப்பட்டது: கடிதம் ஒன்று. கையெழுத்து இல்லை. எழுதியவர் அலுவலகம் வந்து, கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளலாம்."

டீ நேரத்தில் அந்தப் போர்டு முன்னால் எத்தனை தலைகள்! மூன்று பேர் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார்கள். நிறுத்தட்டுமே. நீங்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்துவிட்டீர்கள். அந்த வருஷ ஆண்டுவிழாவில், ஊழியர் குடும்பங்களுக்குப் போட்ட நாற்காலியில் ஜெயா எப்படி உட்காரலாம் என்று ஒருவர் முறைத்தார். "குடும்பத்துக்குத்தானுங்க போட்டிருக்குது, உக்காரட்டும்" என்று அவரை நகர்த்தி வழிவிட்டீர்கள்.

கையெழுத்துப் போட ஒருவரும் வரவில்லை. மெமோவும் வரவில்லை. ஓய்வு பெறும் நாள்வரை அதே ஆய்வகத்தில்தான் வேலை பார்த்தேன்.

போன மாதம் உங்கள் சாவுக்கு வந்தபோது ஒரு அம்மா ஜெயாவைக் காட்டி, "இது யாருங்க, உங்க தங்கச்சிங்களா?" என்று கேட்டார். எத்தனையோ இடத்தில் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன். உங்களை வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை. "என்ற ஊட்டுக்காரிங்க" என்றேன், பந்தலில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி.

இதையும் அந்தக் கவரில்தான் வைக்கப்போகிறேன். மொட்டையாக வைக்க மாட்டேன். ஜெயாவும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பேனா கேட்டு நிற்கிறாள்.

வசந்தாமணி
ஜெயா